படத்துக்கு உரியவர் யார்?

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சமயத்தையும் தமிழையும் துறைபோகக் கற்ற பெரியோர்கள் வீற்றிருக்கும் இச் சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடியாத சிறியேன் பேச எழுந்தது துணிவான செயலே. காரியதரிசி அவர்கள் என்னைப் பேசுமாறு கேட்டபொழுது, “சமய சம்பந்தமான பொருளாய் இருத்தல் நன்று” என்றும் சொன்னார்கள். யான் எடுத்துக்கொண்ட பொருளோ இணையத்திலே கிடைக்கும் படங்களைப் பற்றியது. இது சமயத்துக்குப் புறம்பான பொருளன்று என்பதை முடிவிலே நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகின்றேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன். அக் குற்றம் என்னுடையது.

அட்டைப்படம் வந்த வரலாறு

சென்ற ஆண்டு மலரின் அட்டையை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். விடியற்காலைப் பனிப்புகையினூடே தேர் அசைந்து வருகின்ற படம். பலர் அதனைப் புகழ்ந்தார்கள். அப் படத்தைத் தேடி எடுத்தவன் யான். மலர்க்குழுவிலே படங்களுக்குப் பொறுப்பாய் இருந்த யான் இணையத்திலே தேடினேன். இப் படம் அகப்பட்டது. அதன் கீழே, “எவரும் பயன்படுத்தலாம், எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுக” என்னும் கருத்துள்ள திறந்த உரிமம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. படத்தை ஏற்றியவர் பெயரும் இருந்தது. யான் மகிழ்ந்தேன். அப் பெயரை மலரின் இரண்டாம் பக்கத்திலே ஒழுங்காக அச்சிட்டும் விட்டோம். சட்டத்துக்கும் தருமத்துக்கும் வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மனநிறைவோடு இருந்தோம்.

மலர் வெளிவந்து மூன்று வாரம் கழிந்தபின் ஒரு பெரியவர் மன்றத்துக்கு வந்தார். நமது பகுதியிலே நெடுங்காலம் ஸ்ரூடியோ நடத்தி, இப்பொழுது ஓய்ந்திருப்பவர். மேசையிலே மலரை வைத்தார். பக்கத்திலே தம்முடைய கமராவிலிருந்து எடுத்த முழு அளவுப் படத்தையும் வைத்தார். இரண்டும் ஒன்றே. நம்முடைய அட்டையிலே ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. அவருடைய படத்திலோ வடம் பிடித்தவர்களின் கால்களும் வீதி மணலும் முழுமையாகத் தெரிந்தன.

அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுகின்றேன்: “தம்பி, எனக்குக் காசு ஒண்டும் வேண்டாம். இந்தப் படத்துக்காக விடிய நாலு மணிக்கு வந்து நிண்டனான். பேர் போடாமல் விட்டிருந்தாலும் பறவாயில்லை. இன்னொருத்தன்ரை பேரைப் போட்டுட்டியள்.”

“ஓம் ஐயா, பிழை எங்களிலைதான்” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

நடந்தது இதுதான். அவர் அப் படத்தைக் கைத்தொலைபேசி வாயிலாகத் தம் உறவினர் சிலருக்கு அனுப்பியிருக்கின்றார். அது கைமாறிக் கைமாறிச் சென்றிருக்கின்றது. முன்பின் அறியாத ஒருவர் அதனை எடுத்து, “இஃது எனது சொந்தப் படைப்பு” என்று எழுதி, திறந்த உரிமத்தோடு இணையத்திலே இட்டுவிட்டார். யான் அதை நம்பினேன். எழுதியிருந்ததை வாசித்தேன்; எழுதியவர் யார் என்று விசாரித்தேனில்லை.

காணி உறுதியும் பட உரிமையும்

அன்பர்களே, நம்மவர் ஒரு பரப்புக் காணி வாங்குவதாயின் எவ்வளவு விசாரிப்பார்கள்! உறுதியைப் பார்ப்பார்கள், அதற்கு முந்திய உறுதியைப் பார்ப்பார்கள், காணிக் கந்தோரிலே பதிவைத் தேடுவார்கள், அயற்காணிக்காரரைக் கேட்பார்கள், நொத்தாரிசு ஐயாவிடம் போவார்கள். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு வரை கதை பேசும் மரபு நம்முடையது. ஏன்? தனக்கு உரிமையில்லாத காணியை ஒருவன் எழுதிக் கொடுத்தால், எழுத்து எவ்வளவு அழகாய் இருந்தாலும் வாங்கியவனுக்கு உரிமை வாராது என்பதை நாம் அறிவோம்.

படத்துக்கும் நியாயம் இதுவே. உரிமம் என்பது உரியவர் கொடுக்கும் வாக்கு. உரிமை இல்லாதவர் கொடுத்த உரிமம் வெறுந் தாள்.

இனி, உரியவர் யார் என்பதைப் பார்ப்போம். நமது நாட்டிலே இப்பொழுது நடைமுறையில் உள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒருவர் படத்தை எடுத்த அக்கணமே உரிமை பிறந்துவிடுகின்றது. பதிவு செய்யவேண்டியதில்லை, “உரிமை பெற்றது” என்று அச்சிடவேண்டியதில்லை. எடுத்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். இது பொருள் பற்றிய உரிமை. இதனோடு, தம் படைப்பிலே தம் பெயர் குறிக்கப்படவேண்டும் என்றும், தம் மதிப்புக் கெடும்படி அதனைச் சிதைத்தலாகாது என்றும் கேட்கின்ற ஒழுக்க உரிமையும் படைத்தவருக்கு உண்டு. ஸ்ரூடியோப் பெரியவர் கேட்டது இதனையே. அவர் சட்டம் படித்தவரல்லர். ஆயினும் சட்டம் சொல்வதையே சொன்னார்.

கற்பித்தல், ஆராய்ச்சி, விமரிசனம், செய்தி முதலியவற்றுக்காக நியாயமான அளவிலே பயன்படுத்துவதை அச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு அனுமதிக்கின்றது. ஆனால் மலரை அழகுபடுத்துதற்கு ஒரு முழுப் படத்தை அட்டையிலே இடுவதை அந்நியாயத்துள் அடக்குதல் அரிது.

காலக் கணக்கையும் கவனித்தல் வேண்டும். ஜூலியா மார்கிறற் கமறன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தார். லயனல் வென்ற் 1944 இல் மறைந்தார். இவர்கள் எடுத்த படங்களின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. அவர் மறைந்தது 1947 இல். ஆகவே 2017 ஓடு யாவும் முடிந்தன என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் அந் நூலுக்கான படங்களை எடுத்தவர் அவருடைய மனைவியாராயிருந்த எதெல் அம்மையார். அவர் மறைந்தது 1952 இல். எனவே படங்களுக்குக் கணக்கு வேறு. அதுவும் இப்பொழுது முடிந்துவிட்டது. நூலை எழுதியவர் வேறு, படம் எடுத்தவர் வேறாதல் கூடும் என்பதே இதனால் அறியத்தக்கது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீட்டுச் சுவர்களிலே கலண்டர்ப் படங்களாக முருகனையும் இலக்குமியையும் தந்தவர் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு. அவர் 1976 இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி மறைவுக்குப் பின் 60 ஆண்டு. ஆதலின் அவர் வரைந்தவற்றின் காலம் அங்கே 2036 முடிவு வரை செல்லும். நமது சட்டக் கணக்கோ 70 ஆண்டு. இன்று ஒருவர் அப் படத்தைத் தம் கைத்தொலைபேசியாலே படம் பிடித்து, “நான் எடுத்தது, எவரும் பயன்படுத்துக” என்று எழுதினால் என்ன பயன்? அவர் எடுத்தது படத்தின் படம், ஓவியம் அவருடையதன்று.

திறந்த உரிமம் என்றால் என்ன?

உரிமை இவ்வளவு நீண்டதாயின், நல்ல மனத்தோடு தம் படத்தைப் பிறர்க்குக் கொடுக்க விரும்புவோர் என்ன செய்வது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டுமா? இக் குறையை நீக்குதற்காக அமெரிக்காவிலே லோறன்ஸ் லெசிக் என்னும் சட்டப் பேராசிரியரும் நண்பர்களும் 2001 இல் கிறியேற்றிவ் கொமன்ஸ் என்னும் அமைப்பை நிறுவினார்கள். 2002 டிசெம்பரிலே முதல் உரிமங்கள் வெளிவந்தன. இப்பொழுது வழங்குவது 2013 இல் வெளிவந்த நான்காம் பதிப்பு.

இவ்வுரிமங்கள் ஆறு வகை. நான்கு நிபந்தனைகளை மனத்திற் கொண்டால் ஆறும் விளங்கிவிடும். முதலாவது, எடுத்தவர் பெயரைச் சொல்லுதல். இஃது ஆறுக்கும் பொது. இரண்டாவது, படத்தை மாற்றி வெளியிட்டால் அம் மாற்றத்தையும் அதே உரிமத்தோடு பிறர்க்குக் கொடுத்தல். மூன்றாவது, வாணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தாதிருத்தல். நான்காவது, மாற்றிய வடிவத்தை வெளியிடாதிருத்தல். இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் ஆறு உரிமங்கள் அமைந்தன. ஆறுக்கும் புறம்பாக, உரிமை எதனையும் வைத்துக்கொள்ளாமல் முற்றாக விட்டுக்கொடுக்கும் பத்திரம் ஒன்று 2009 முதல் உண்டு.

“இணையத்திலே இலவசமாய்க் கிடைக்கின்றது” என்பது இவற்றுள் ஒன்றுமன்று. கண்ணுக்குத் தெரிவது கைக்கு உரியதாகாது. “திறந்த உரிமம்” என்று மட்டும் அறிதலும் போதாது. எந்த உரிமம் என்று அறிதல் வேண்டும். நமது மலரை விலைக்கு விற்கின்றோம். கடைக்காரரிடம் விளம்பரமும் வாங்குகின்றோம். வாணிகம் கூடாது என்ற நிபந்தனையுள்ள படத்தை அதிலே இடலாமா என்பது வாதத்துக்கு இடமானது. அத்தகைய படத்தை விட்டுவிடுதல் அல்லது எடுத்தவரைக் கேட்டல் நன்று.

சோதிக்கும் முறை

ஸ்ரூடியோப் பெரியவர் போனபின், யான் வெட்கத்தோடு அப் படத்தை மீளவும் திறந்து பார்த்தேன். முதல் நாளே கண்டிருக்க வேண்டிய அடையாளங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. அவற்றையே இப்பொழுது உங்களுக்கு முறைப்படுத்திச் சொல்லுகின்றேன்.

முதலாவது, அளவு. கமராவிலிருந்து நேரே வந்த படம் பெரியதாய் இருக்கும். வட்ஸ்அப் போன்றவற்றின் வழியாய் வந்த படம் சுருங்கிவிடும். நமது அட்டைப்படம் மிகச் சிறிய அளவினது. அச்சகத்தார், “தம்பி, படம் கொஞ்சம் மங்கலாய் இருக்குது, பெரிசு இல்லையோ?” என்று கேட்டதும் உண்டு. அக் கேள்வியிலேயே விடை இருந்தது. எடுத்தவரிடம் பெரிய படம் இல்லாமற் போகுமா?

இரண்டாவது, படத்தினுள்ளே மறைந்திருக்கும் குறிப்பு. எந்தக் கமரா, எந்த நாள், எந்த நேரம் என்பவற்றைக் கமரா தானே படத்தினுள் எழுதி வைக்கின்றது. கைமாறும்பொழுது அக் குறிப்பு அழிந்துவிடுவதுண்டு. குறிப்பு இல்லாமை ஒன்றே களவுக்குச் சாட்சியன்று. ஆயினும் ஐயத்துக்குக் காரணமாகும்.

மூன்றாவது, ஏற்றியவரின் ஏனைய படங்கள். நமது படத்தை ஏற்றியவர் ஒரே வாரத்திலே மூன்று நாட்டுக் கோயில்களை, ஒன்றுக்கொன்று பொருந்தாத கமராக்களால் எடுத்தவர்போலக் காட்டியிருந்தார். நாரதருக்கன்றி யாருக்கு இயலும்?

நான்காவது, படத்தைக் கொண்டே படத்தைத் தேடுதல். 2008 முதல் ரின்ஐ என்னும் தேடுகருவி இவ்வேலையைச் செய்கின்றது. கூகிளிலும் இவ்வசதி உண்டு. படத்தை அதனிடம் கொடுத்தால், அதே படம் வேறு எங்கெங்கே, எந்நாளிலே வந்தது என்று காட்டும். யான் தேடியபொழுது, உரிமம் எழுதப்பட்ட நாளுக்கு இரண்டு ஆண்டு முன்னரே அப் படம் வேறிடத்திலே, ஓரம் வெட்டப்படாமல் வந்திருந்தது தெரிந்தது. அதற்கு எனக்குச் சென்ற நேரம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடச் சோம்பலாலே ஒரு முதியவரின் பெயரை அழித்தேன்.

ஐந்தாவது, சான்றைச் சேமித்தல். திறந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்தவர், அதன்படி பெற்றவரிடமிருந்து அதனைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் மேலும் கொடுப்பதை நிறுத்தலாம், பக்கத்தையே நீக்கலாம். அப்பொழுது, “நான் எடுத்த நாளிலே இவ்வுரிமம் இருந்தது” என்று எப்படிக் காட்டுவது? விக்கிமீடியா கொமன்ஸ் என்னும் பெரிய படக் களஞ்சியம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. 2004 இலே தொடங்கிய அக் களஞ்சியத்திலே இன்று 10 கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் உள்ளன. பிளிக்கர் என்னும் படத்தளத்திலிருந்து ஒரு படம் அங்கே கொண்டுவரப்பட்டால், அந்நாளிலே அதன் உரிமம் யாது என்று சரிபார்த்து, நாளிட்டுக் குறித்து வைப்பார்கள். பிறர் படங்களைத் தம்முடையவைபோல இடும் கணக்குகளுக்கு ஒரு தனிப் பட்டியலும் வைத்திருக்கின்றார்கள். நாம் அவ்வளவு செய்யவேண்டியதில்லை. பக்கத்தை அச்செடுத்து, நாளிட்டு, கோவையிலே வைத்தாற் போதும்.

அனுமதிக் கடிதம்

ஐயம் தீராவிடின் எடுத்தவரையே கேட்டல் வேண்டும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. “என் படத்தை விக்கிப்பீடியாவிலே போடலாம்” என்று ஒருவர் சொன்னால் விக்கிமீடியா கொமன்ஸ் அதனை ஏற்பதில்லை. எவரும், எதற்கும், மாற்றியும், விற்றும் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தின் பெயரை அவர் வெளிப்படையாய்ச் சொல்லுதல் வேண்டும். தாமே உரியவர் என்றும் சொல்லுதல் வேண்டும். அக் கடிதத்தைத் தொண்டர் குழுவொன்று வாசித்து, எழுதியவர் உண்மையில் அவர்தாமா என்று ஆராய்ந்து, இலக்கமிட்டு, பிறர் காணாதவாறு பாதுகாக்கின்றது.

நாம் அப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றபொழுது, அவர் தம்மிடமிருந்த பழைய திருவிழாப் படங்கள் பலவற்றைக் காட்டினார். எங்களுக்கு ஆசை பிறந்தது. “ஐயா, இவற்றைத் திறந்த உரிமத்திலே உலகுக்குக் கொடுங்கள்” என்று கேட்டு, கடிதத்தையும் எழுதிக்கொண்டு போனோம். அவர் கண்ணாடியைப் போட்டு இருமுறை வாசித்தார். பிறகு கேட்டார்: “இதிலை கையெழுத்து வைச்சால், ஒரு விஸ்கோத்துக் கொம்பனி சாமிப் படத்தைப் பெட்டியிலை அடிக்கலாமோ?”

யான் ஒரு கணம் தடுமாறினேன். “இல்லை ஐயா” என்று சொல்லிக் கையெழுத்தை வாங்கியிருக்கலாம். ஆனால் முதற் பிழையே போதாதா? “உங்கள் பெயரைப் போட்டால், படத்தின் உரிமையைக் காட்டி நீங்கள் தடுக்க முடியாது ஐயா. கொடுத்தபின் திரும்பப் பெறவும் இயலாது” என்று உண்மையைச் சொன்னேன். அவர் மூன்று நாள் தவணை கேட்டார். மூன்றாம் நாள், தேர்முட்டியும் வீதியும் தெரியும் ஒரு படத்துக்குத் திறந்த உரிமம் கொடுத்தார். சுவாமி எழுந்தருளும் படங்களை நமது மலருக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றுமே கேளாமல் எடுத்ததிலும், பாதி விளங்கப்படுத்தி எல்லாவற்றையும் வாங்குவதிலும், முழுதும் விளங்கப்படுத்தி ஒன்றைப் பெற்றது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

ஐந்து சாட்டுகள்

விக்கிமீடியா கொமன்ஸ் தன் விதிகளிலே, ஐயம் வலிதாயிருந்தால் படத்தை நீக்கவேண்டும் என்கின்றது. அதற்கெதிராகச் சொல்லப்படும் சில சாட்டுகளை ஏற்பதில்லை என்றும் கூறுகின்றது. அவற்றை வாசித்தபொழுது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நமது மலர்க்குழுக் கூட்டத்துக்கு யாரோ வந்து குறிப்பெடுத்தது போல் இருந்தது.

உரியவர் இதை அறியவே மாட்டார் என்பது ஒன்று. அறிந்தாலும் வழக்குக்குப் போகமாட்டார் என்பது ஒன்று. தம் படம் பலர் கண்ணிற் படுவதாலே மகிழ்வார் என்பது ஒன்று. உரியவர் யாரென்றே தெரியாது, ஆகவே பாதகமில்லை என்பது ஒன்று. எங்கும் பரவிக் கிடக்கின்றது, எவரும் முறையிடவில்லை என்பது ஒன்று. இவ்வைந்தனுள் ஒன்றாவது, “எமக்கு உரிமை உண்டு” என்று சொல்லுகின்றதா? ஐந்தும், “பிடிபடமாட்டோம்” என்பதையே ஐந்து விதமாய்ச் சொல்லுகின்றன.

நம்மிடையே ஆறாவது சாட்டு ஒன்றும் உண்டு: “இது கோயிற் காரியம்; சுவாமிக்கு யார் உரிமை கேட்பது?” பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். கோயிற் காரியம் என்பதற்காகப் பக்கத்து வளவுப் பூவைக் கேளாமற் பறித்துச் சாத்தலாமா?

வெளிநாட்டு வழக்குகள் மூன்று

உரிமம் உண்மையாய் இருந்தாலும் கடமை தீர்ந்துவிடாது என்பதற்கு மூன்று வழக்குகளைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றேன்.

அமெரிக்காவிலே ரெக்சாஸ் மாநிலத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் படத்தை, அவளை அறிந்த இளைஞர் ஒருவர் எடுத்து, பெயர் சொன்னாற் போதும் என்னும் உரிமத்தோடு பிளிக்கரில் இட்டார். அவுஸ்திரேலியாவின் வேர்ஜின் மொபைல் நிறுவனம் அதனை எடுத்து, கேலியான வாசகத்தோடு விளம்பரமாக்கியது. 2007 இல் அச் சிறுமியின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அந் நிறுவனம் தன் அதிகார எல்லைக்கு உட்பட்டதன்று என்று கூறி, 2009 இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. வழக்கு எவ்வாறு முடிந்தாலும் பாடம் தெளிவு: எடுத்தவர் கொடுக்கக்கூடியது தம் உரிமையையே, படத்தில் உள்ளவரின் மானத்தை அவர் கொடுக்க முடியாது. நமது அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளின் படங்களை வெளியிடுமுன் பெற்றோரைக் கேட்கின்றோமா என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, படப்பிடிப்பாளர் ஒருவர் தாம் 2013 இல் எடுத்த பாடகர் ஒருவரின் படத்தை, பெயர் குறிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு விக்கிமீடியா கொமன்ஸிலே இட்டார். செய்தித் தளமொன்று பெயர் குறியாமல் அதனைப் பயன்படுத்தியது. அது நியாயமான பயன்பாடன்று என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 இல் தீர்த்தது. பெயர் போடுதல் மரியாதை மாத்திரமன்று. அதுவே நாம் கொடுக்கும் விலை. நான்காம் பதிப்பு உரிமத்தின்படி, நிபந்தனையை மீறியவர் அப் பிழையை அறிந்த நாளிலிருந்து 30 நாளுள் திருத்திக்கொண்டால் உரிமம் மீளும். ஆனால் நமது அட்டைப்படத்துக்கு அந்தக் கருணைகூட இல்லை. உரியவர் கொடுக்காத உரிமம் எப்படி மீளும்?

மூன்றாவது, கறொல் ஹைஸ்மித் என்னும் படப்பிடிப்பாளர் தம்முடைய பல்லாயிரம் படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று கொடுத்தவர். அவர் எடுத்த படத்தை அவரே பயன்படுத்தியதற்கு 120 டொலர் கட்டுமாறு படவிற்பனை நிறுவனமொன்றின் சார்பிலே அவருக்குக் கடிதம் வந்தது! அவர் 2016 இல் வழக்காடினார். உரிமையை முன்னரே பொதுவாக்கிவிட்டவராதலின் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கைகள் நிலைக்கவில்லை. உரிமை கேட்டு மிரட்டுபவர் எல்லாம் உரியவரல்லர் என்பதும், கொடுப்பவர் கையெழுத்திடுமுன் நன்கு ஆராய வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

நமது மரபு

இவையெல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று சிலர் எண்ணலாம். அன்று. ஏட்டுச் சுவடியை எழுதி முடித்தவர் இறுதியிலே தம் பெயரையும், எழுதிய நாளையும், யாருக்காக எழுதினார் என்பதையும் குறிப்பது நம் வழக்கம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். அக்காலத்துப் பதிப்பாசிரியர்கள் ஏடு எங்கிருந்து கிடைத்தது, தந்து உதவியவர் யார் என்று பதிப்புரையிலே நன்றியோடு எழுதினார்கள். அதனாலன்றோ எந்தப் பாடம் எந்த ஏட்டினின்று வந்தது என்று இன்றும் ஆராய முடிகின்றது. மூலத்தைச் சொல்லுதல் நன்றி மாத்திரமன்று, பின்வருவோர்க்கு வழிகாட்டலுமாகும்.

1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளிலே அல்பங்கள் போயின. எஞ்சியவை கைக்குக் கை மாறி, இன்று பெயரின்றி ஊரின்றி இணையத்திலே மிதக்கின்றன. படம் இருக்கின்றது, எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த வீதி என்பவை இல்லை. இத்தனை இழந்த சமூகம், இருக்கின்ற பெயரையும் தன் கையாலேயே அழிக்கலாமா? பொய்ப் பெயர் எழுதிய படம் பெயரில்லாத படத்தினும் தீது. பெயரில்லாததைத் தேடுவார்கள், பொய்ப் பெயர் உள்ளதைத் தேடமாட்டார்கள்.

யான் படித்த மிஷன் பாடசாலையிலே, பத்துக் கட்டளைகளுள் களவை விலக்கும் கட்டளையை மனப்பாடம் செய்தோம். வீட்டிலே அப்பு குறளின் கள்ளாமை அதிகாரத்தைச் சொல்லித் தந்தார். பதஞ்சலி முனிவர் கூறும் இயமம் ஐந்தனுள் அஸ்தேயமும் ஒன்று என்பதை இம் மன்றத்தின் வகுப்பிலே கற்றேன். மூன்று இடத்திலும் கற்றது ஒன்றே. களவு போன பொருள் கையிற் பிடிக்கக் கூடியதா, வெறும் ஒளியா என்று மூவரும் வேறுபடுத்தவில்லை.

வேண்டுகோள்

மன்றத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கின்றேன். ஒன்று, மலருக்கும் அறிவித்தலுக்கும் பயன்படுத்தும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவேடு வைப்போம்: எடுத்தவர், பெற்ற இடம், பெற்ற நாள், உரிமம், சரிபார்த்தவர் என ஐந்து நிரல் போதும். இரண்டு, படத்தின் கீழேயே எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும், நாம் வெட்டியோ மாற்றியோ இருந்தால் அதனையும் அச்சிடுவோம். மூன்று, நம் ஊர்ப் படப்பிடிப்பாளர்களை நாடி, அவர்கள் வாழும்பொழுதே படங்களின் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வோம். விரும்புவோர் விரும்பிய அளவு உரிமம் கொடுக்க உதவுவோம்.

சென்ற ஆண்டு அட்டைப்படம் பற்றிய திருத்தம் இவ்வாண்டு மலரின் முதற் பக்கத்திலே வெளிவரும். பத்திராதிபர் அவர்கள் அதனைக் கடைசிப் பக்கத்திலே சிறிதாய் இடலாம் என்றார்கள். பிழை அட்டையிலே வந்தபடியால் திருத்தம் முதற் பக்கத்திலேயே வரவேண்டும் என்று யான் மன்றாடினேன், இசைந்தார்கள். அப் பெரியவர் இன்று இச் சபையிலே, பின் வரிசையிலே அமர்ந்திருக்கின்றார். தம் பெயரை மேடையிலே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே சொல்லவில்லை. பெயர் வரவேண்டிய இடம் படத்தின் கீழ். அங்கே அது வரும்.